ஹமீதா டீச்சரின் கத்திரிப் பாத்தி

செய்தி வந்தபோது நான் ஹமீதா டீச்சரின் தோட்டத்தில்தான் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து அவர் மகள் பேசினாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க டீச்சர். இன்னிக்கே இங்கயே அடக்கம்." நான் பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவரிடம் படித்த நீங்கள் பலரும் விசாரிக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளியில் அவர் அறிவியல், நான் தமிழ். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின்தெருவில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து. கணவர் காலமான பிறகு அவர் கொல்லையில் கத்திரியும் வெண்டையும் போட்டார். கடைப் பூச்சிமருந்து அந்த வாசலைத் தாண்டியதில்லை. வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீரில் கலந்த வேப்பெண்ணெய், அவ்வளவுதான். ஒருமுறை இலையெல்லாம் அசுவினி மொய்த்திருந்தும் அவர் தெளிக்கவில்லை. ஏன் என்றேன். அதைத் தின்ன வந்திருந்த ஒரு பொறிவண்டைக் காட்டினார். "பந்தியில உக்காந்த விருந்தாளியை எழுப்பலாமா டீச்சர்?"

அம்மா தனியாக இருப்பது மகளுக்குக் கவலை. "ஒத்தையா இருந்து இன்னாம்மா பண்றே?" என்று ஒரு விடுமுறையில் என் முன்னாலேயே கேட்டாள்.

"தோட்டம் இருக்குல்ல."

"அது இல்லேன்னா?"

"இல்லேன்னா உன்கூட வந்துடறேன். பொங்கல் லீவுக்கு வா. கத்திரி காய்ச்சிருந்தா நீ சும்மா திரும்பிப் போ."

விளையாட்டாகத்தான் சொன்னார். மகள் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பாத்தி பிழைத்தால் அவர் இங்கே, பட்டுப்போனால் சென்னையில் என்று ஆயிற்று.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் நாகம்மாதான் உரத்துக்கு மீன் கழிவு கொண்டுவருவாள். டீச்சர் அதை மட்கவைத்து வேரில் இடுவார். புயல் எச்சரிக்கையால் படகுகள் போகாத ஒரு வாரம், வெறுங்கையோடு வர நாகம்மாவுக்கு மனமில்லை. கருவாட்டுக்கு உப்பிட்ட மீனின் கழிவை வாளி நிறைய அள்ளி வந்தாள். டீச்சர் வெளியே போயிருந்ததால், அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று செடிக்குச் செடி தானே புதைத்துவிட்டுப் போனாள்.

இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. "மீனு மீனுதானே டீச்சர்! கருவாடு மட்டும் இன்னா, ஆட்டுக்கறியா?" என்று நாகம்மா அழாத குறையாகக் கேட்டாள்.

"கொழம்புக்குத்தான்டி உப்பு. செடிக்குமா போடுவே?" என்று டீச்சர் சிரித்தார். மூவருமாகத் தோண்டி எடுத்து, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி மண்ணைக் கழுவினோம்.

பொங்கலுக்கு மகள் வந்தபோது பாத்தியில் வெறும் குச்சிகள் நின்றன. "விளையாட்டுக்குச் சொன்னதுதானே, இருங்க டீச்சர்" என்றேன். "சொன்னதை மாத்த நான் இன்னா எலெக்ஷன்லயா நிக்கிறேன்?" என்றார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அதன் பிறகும் நான் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. வெயில் ஏறத் தொடங்கிய நாளில் ஒரு குச்சியின் அடித்தண்டில் துளிர் தெரிந்தது. பிறகு மற்றவையும் துளிர்த்தன. தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். "நாகம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்க, பாவம். பிஞ்சு பிடிச்சதும் வந்துடறேன். இவளும் சரின்னுட்டா" என்றார். பிஞ்சு பிடித்திருக்கிறதா என்று நான் பார்க்கப் போன காலையில்தான் அந்த அழைப்பு வந்தது. பிடித்திருந்தது.

இப்போது அந்தத் தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். அவர் வேப்பெண்ணெய் தெளிப்பது எப்போதும் மாலையில். காலை நேரம் தேனீக்களுடையது, நாம் குறுக்கே போகக்கூடாது என்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மாலை நேரம்தான். பகலெல்லாம் அதற்காகக் காத்திருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் தெளிப்பானோடு போகிறேன். சின்னப் பாத்தி, சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதனால் ஒவ்வோர் இலையாகத் திருப்பி, அடிப்பக்கம் நனைகிற வரை நின்று, மெதுவாகத் தெளிக்கிறேன்.