வாசலில் நீலப்பொடி

அப்போது நான் காரில்தான் படுத்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் முடியப்போகிறது, அடுத்து வரும் குளிரைக் கார் தாங்காது. ஜெர்சி சிட்டியில் நான் பாத்திரம் கழுவிய ஓட்டலின் மாடியில் யாரும் தங்காத ஓர் அறை இருந்தது. அங்கே நடக்கவிருந்த ஒரு விருந்து சிக்கலில்லாமல் முடிந்தால் வேலையும் அறையும் நிரந்தரம் என்றார் ஓட்டல்கார ஆன்ட்டி.

விருந்து ஒரு சின்ன ஐரோப்பிய நாட்டின் அதிபருக்கு. நியூயார்க் வந்திருந்த அந்த அம்மாவை, அவர் நாட்டில் கம்பெனி வைத்திருந்த நம்மவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள்.

"ஐரோப்பா எல்லாம் ஒண்ணா சேரணும்னு பேசறவங்கப்பா. அவங்க நாடும் ஐரோப்பிய யூனியன்ல சேரணுமாம். வாசல்ல அந்தக் கொடியையே கோலமா போட்டுடு, செம சர்ப்ரைஸா இருக்கும்" என்றார் ஆன்ட்டி.

"அந்த நாடு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. அங்கேர்ந்து யூனியனுக்குள்ள போகப் பார்த்தேன். எல்லையில புடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஐயோ! இதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

பாதுகாப்பு ஆட்கள் முந்தின நாளே வந்து அரிசி டப்பா வரை திறந்து பார்த்திருந்தார்கள். கோலத்தைப் பற்றி அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. வாசலில் கோலம் போட யாரிடம் அனுமதி கேட்பது?

நீலப்பொடியைப் பரப்பி, அதன்மேல் மஞ்சள் நட்சத்திரங்களை வட்டமாகப் போட்டேன். கல்யாண மண்டபங்களில் அலங்கார வேலை செய்த கை, நன்றாகவே வந்தது. கடைசி நட்சத்திரத்தில் இருந்தபோது நாயுடன் ஓர் அதிகாரி வந்தார். நாய் மோந்து பார்த்துத் தும்மியது. அவர் கை இடுப்புக்குப் போனது.

"என்ன பொடி இது? யார் கொட்டியது?"

என் இரு கைகளும் நீலமாக இருந்தன. ஆன்ட்டி ஓடி வந்து, "வெல்கம் டிசைன் சார், வெறும் கலர் பவுடர்" என்றார். அதிகாரி காதில் வாங்கவில்லை. என்னை ஓரமாக நிறுத்தி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். வரப்போகிறவரின் நாட்டோடு உனக்குத் தொடர்பு உண்டா என்று கேட்டார்.

ஆன்ட்டி என்னையே பார்த்தார். இல்லை என்று சொன்னால் அறை கிடைக்கலாம். ஆனால் அந்த நாட்டில் என் கைரேகையை எடுத்திருக்கிறார்கள். பொய் பிடிபட்டால் அறையோடு போகாது. "ஒரு குளிர்காலம் இருந்தேன். எல்லை தாண்டப் பார்த்தேன், விடவில்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் தள்ளிப்போய் நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து அட்டையைக் கொடுத்து, பொடியைக் கழுவிவிட்டு விருந்து முடியும்வரை பின்பக்கமே இரு என்றார். குழாயைத் திருப்பினேன். நட்சத்திரங்கள் கரைந்து சாக்கடைக்குப் போயின.

பின்பக்கம் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. திடீரென்று சமையலறைக் கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். நடுவில் அந்த அம்மா. பாதுகாப்புக்காக அவரை வந்த வழியே திருப்பி அனுப்பமாட்டார்கள் போல. என்னைக் கண்டதும், உள்ளே யாரோ கற்றுத்தந்திருக்க வேண்டும், கைகூப்பினார். எழுந்து நானும் கூப்பினேன். கார்கள் போய்விட்டன.

ஆன்ட்டி வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"நான்தான் சொல்லாதேன்னேனே."

"ரேகை இருக்கே ஆன்ட்டி."

ஆன்ட்டி நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

"மாடி ரூம்ல அரிசி மூட்டையா அடைச்சு வெச்சிருக்கேன். நாலு மூட்டையைக் கீழ இறக்கினா காலை நீட்டலாம். ஹீட்டர் சத்தம் போடும், சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலமே மூட்டைகளை இறக்கினேன்.