நிபோங் திபால் லைனில் பழுது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு தொலைபேசி நிலையத்தில் லைன்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். கடலடிக் கேபிளில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கம்பங்கள் வழியாக நிபோங் திபால் ரப்பர் தோட்டம் வரை ஓடிய ஒரு லைனில் பேச்சே கேட்காமல் போயிற்று. மரக்கிளைகள் உரசி மின்சாரம் கசிகிறது, கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் சோம்பேறி என்று வெள்ளைக்கார எஞ்சினியர் துரை முடிவு கட்டிவிட்டார். லைன்மேன் என்னைவிடப் பத்து வயது மூத்த தமிழர்.

“போன வாரந்தான் தம்பி அத்தன கிளையையும் வெட்டுனேன். கையப் பாருங்க லா” என்று நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நான் தோட்டத்துக்குப் போனேன். லைனின் கோடியில் நிற்பவனுக்கு, நிலையத்து பேட்டரி, கேபிள், கம்பி எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பேட்டரியும் அதை ஒட்டிய ஒரு மின்தடையும்தான். முதலில் முனையில் எதையும் இணைக்காமல் வோல்ட் அளந்தேன். நிலையத்தில் கொடுத்தது ஏறக்குறைய அப்படியே வந்தது. கசிவு இருந்தால் இறங்கியிருக்கும். பிறகு இரண்டு கம்பிகளையும் மீட்டர் வழியாக ஒன்றுசேர்த்தேன். மின்னோட்டம் அற்பமாக வந்தது. வோல்ட்டை அதால் வகுத்தால், இருக்கவேண்டியதைப்போலப் பல மடங்கு மின்தடை. எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருந்தது.

திரும்பும் வழியில், பட்டர்வொர்த்தில் கேபிள் கரையேறும் பெட்டியில் அதே சோதனையைச் செய்தேன். தடை அங்கேயே இருந்தது. பற்றவைப்பு சரியாகப் பிடிக்காத முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துரையே பக்கத்தில் நின்று செய்வித்த இணைப்பு அது.

கணக்கை அவர் மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டு, பெட்டியைச் சரிசெய்யச் சொன்னார். செய்தேன், லைன் கணீரென்று பேசியது. மறுநாள் ஓர் அறிக்கையைக் கொடுத்துப் படியெடுக்கச் சொன்னார். லைன்மேனைக் கண்டித்துக் கிளைகளை வெட்டவைத்ததால் லைன் சீரானது, அவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்று இருந்தது.

“இது நடக்கவில்லையே, சார்.”

“உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. எழுது” என்று சொல்லி, சுருட்டுச் சாம்பலை என் கணக்குத் தாளின்மேல் தட்டினார்.

 உட்கார்ந்து, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

கம்பமேறும் இடுப்புவாரைத் திருப்பிக் கொடுக்க லைன்மேன் வந்தார்.

“அளந்தீங்களே தம்பி, என்ன வந்துச்சு?”

“உங்க மேல தப்பில்ல, அண்ணே.”

“தொரைகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

அவர் தலையாட்டிவிட்டு வாரை என் மேசையில் வைத்தார். அறிக்கையை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.