அறுபத்திரண்டு அடி தூரத்து விளக்கு

சயான் குன்றில் ஏறி நின்றால் டிராம்பே எண்ணெய் ஆலையின் புகைபோக்கி உச்சியில் எரிகிற தீ தெரியும். ராத்திரி பகல் பாராமல் அது எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தத் தீ கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற தாராவிச் சந்தில், ஸ்டவ்வுக்கு ஊற்ற ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் வேண்டுமென்றால் பெண்கள் மாட்டுங்கா வரைக்கும் நடந்து போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆலையிலிருந்து சந்துக்கு எண்ணெய் வருகிற வழியில் மூன்று ஆபீஸ்கள் உட்கார்ந்திருந்தன.

ஆவுடையம்மாள் அந்தச் சந்தில் மளிகைக் கடை வைத்திருந்தாள். கடை அவள் புருஷன் காசிராஜன் பெயரில் இருந்தது என்றாலும் அவருக்குக் கடையில் இருந்த ஒரே வேலை பீடி பிடிப்பதுதான். எண்ணெய்க்காக மாட்டுங்கா போகிற பெண்கள் அப்படியே புளியும் உப்பும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவதை அவள் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அறுபத்தாறாம் வருஷம் ரேஷன் ஆபீஸில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு கடைக்கு மண்ணெண்ணெய் விற்க அனுமதி. காகிதங்களை முழுசாகக் கொண்டுவர வேண்டிய கடைசி நாள் ஒரு சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. அது மாநில அரசின் ஆபீஸ். அவர்கள் முத்திரை குத்த வேண்டுமானால் முதலில் முனிசிபாலிட்டி வார்டு ஆபீஸின் கடை லைசென்ஸ் வேண்டும். அதற்கும் மேலே, தீயணைப்புப் படை வந்து கடையைப் பார்த்து ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

வேறு யாராவது என்றால் போதுமடா சாமி என்று கையை உதறியிருப்பார்கள். ஆவுடையம்மாளுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் தன் பெயர் மட்டும், அதுவும் தமிழில். ஆனால் எந்த ஆபீஸில் எந்த மேஜைக்காரர் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார் என்பது அவளுக்கு மனப்பாடம். பிஸ்கட் டப்பாவில் காகிதங்களைப் போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டு வார்டு ஆபீஸுக்கு ஒன்பது தடவை நடந்து, பத்தாவது தடவை லைசென்ஸோடு திரும்பினாள். மிச்சம் தீயணைப்புப் படை. அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் வெள்ளிக்கிழமை, கடைசி நாளுக்கு முந்தின நாள்.

சொன்னதெல்லாம் செய்து வைத்தாள். பீப்பாய்க்கென்று செங்கல் வைத்துத் தனி அறை கட்டினாள். சிவப்புச் சாயம் அடித்த இரண்டு வாளியில் மணல் நிரப்பினாள். செம்பூரிலிருந்து ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாய் வாங்கி உருட்டிக்கொண்டு வந்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தராசு வந்த அன்றைக்கும் படிக்கல் வந்த அன்றைக்கும் செய்ததைப் பீப்பாய்க்குச் செய்யாமல் விடுவாளா? வெள்ளிக்கிழமை காலையில் குளித்து முழுகி, பீப்பாய்க்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அதன் முன்னால் பித்தளை விளக்கை ஏற்றிவைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தீயணைப்பு அதிகாரி தள்வி உள்ளே வந்தார். பெரிய மீசைக்காரர். விளக்கைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், இரண்டு எட்டு பின்னால் போனார்.

"யே க்யா ஹை, அம்மா?"

"பூஜை, சாப். பீப்பாய் காலி. உள்ள ஒண்ணும் கெடையாது."

தமிழ் ஓரளவு புரிகிற தள்வி, இந்தியில் மெதுவாகச் சொன்னார். நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய்தான் பொல்லாதது. எண்ணெய் போய்விட்டாலும் ஆவி உள்ளேயே நிற்கும், ஒரு பொறி பட்டால் போதும், இந்தக் கடை மட்டுமல்ல, சந்தே இருக்காது. அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டிருப்பாள். மெதுவாகச் சொன்னதால் அது அவளுக்கு உறைத்தது. இத்தனை தடவை ஆபீஸ்களுக்கு நடந்ததில் பிரயோஜனமான ஒரு பேச்சை ஒரு ஆபீசர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் கையிலிருந்த காகிதத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்றிருந்த வரியை அடித்துவிட்டு, விளக்கை ஊதி அணைக்கக் குனிந்தார்.

"ஐயோ, ஊதாதீய சாப்!" என்று குறுக்கே விழுந்தாள் ஆவுடையம்மாள். "வெள்ளிக்கெழம வெளக்க யாராவது ஊதுவாவளா? வெளங்குமா? நான் கொண்டு போயிருதேன்."

சொன்ன கையோடு விளக்கைத் தூக்கினாள். முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு சந்தில் இறங்கினாள். "விலகுங்க, விலகுங்க!" என்று முன்னால் ஓடினார் காசிராஜன். குடத்தோடு நின்ற பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சாமி ஊர்வலமோ என்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சந்து முனையில் இருந்த அம்மன் கோயில் மாடத்தில் விளக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே தள்வி நின்றார். அவர் கையில் அளவு டேப் இருந்தது.

"இனி இங்கதான் சாப். அம்மன் மேல சத்தியம். என் கடையில ஒரு திரி எரியாது."

தள்வி மீசைக்குள் சிரித்தார். டேப்பின் ஒரு நுனியைக் காசிராஜன் கையில் கொடுத்துப் பீப்பாய் அறை வாசலில் நிறுத்தினார். அப்போதுதான் காசிராஜனின் காதில் செருகியிருந்த பீடி அவர் கண்ணில் பட்டது. அவர் விரலை நீட்டினார், அவ்வளவுதான், காசிராஜன் ஓடிப்போய்ப் பீடியைக் கோயிலுக்கு அந்தப்பக்கம் எறிந்துவிட்டு வந்தார்.

"வேணும், நல்லா வேணும். நான் இருவது வருசமா சொல்லிக் கேக்கல" என்றாள் ஆவுடையம்மாள்.

இரண்டு தடவை டேப்பை நீட்டி அளந்து, அடித்ததற்குக் கீழே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார் தள்வி.

மறுநாள் பன்னிரண்டரைக்கு ரேஷன் ஆபீஸில் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய குமாஸ்தா சந்திரமௌலி மாட்டுங்காத் தமிழர். அடித்தல் திருத்தலைக் கண்டால் அவருக்கு ஆகாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். ஆவுடையம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, என்ன எழுதியிருக்கார் தெரியுமோ? 'விளக்கு கோயிலுக்கு மாற்றப்பட்டது. தூரம் அறுபத்திரண்டு அடி. கணவரின் பீடி சந்துக்கு வெளியே மாற்றப்பட்டது. ஆட்சேபணை இல்லை.' முப்பது அடி இருந்தாலே போறும். இவர் டபுளா வாங்கிண்டு போயிருக்கார்!"

சொல்லிவிட்டு அவரால் முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து வாங்கிப் படித்தார்கள். ஒரு மணி அடிப்பதற்குள் முத்திரை விழுந்தது. அவள் அங்கேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

அடுத்த வாரம் முதல்முதலாக எண்ணெய் வந்து இறங்கியபோது ஆவுடையம்மாள் கோயில் மாடத்தில் விளக்கேற்றி, அங்கே நின்றபடியே கடையைப் பார்த்துக் கும்பிட்டாள். குங்குமம் மட்டும் மணல் வாளிகளுக்கு வைத்தாள். அதன்பிறகு பெண்கள் மாட்டுங்கா போகவில்லை. புளியும் உப்பும் அவள் கடையிலேயே வாங்கினார்கள். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு அவள் ஊற்றின எண்ணெய் எரிந்தது. அவள் கடையில் மட்டும் வெளிச்சம் கிடையாது, கருக்கலில் கதவைச் சாத்திவிடுவாள்.

பக்கத்து வீட்டுப் பேராச்சி ஒருநாள் பாட்டிலோடு வந்து நின்று, "ஊருக்கெல்லாம் வெளக்கெரியுது, ஓங்கடைதான் இருட்டாக் கெடக்கு, பாவமா இருக்கு மயினி" என்றாள்.

ஆவுடையம்மாள் புனலைப் பாட்டில் வாயில் பொருத்தி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றி முடித்தாள்.

"இது இருட்டாக் கெடக்கப் போய்த்தாம்ளா ஒங்க வீடெல்லாம் முழுசாக் கெடக்கு. போ, போயி ஒலய வையி."