அப்பா இருந்த ஐகோர்ட்டு

அப்பா ஐகோர்ட்டு ஜட்ஜ் ஆனபோது எங்கள் தாம்பரம் காலனிக்கே கொண்டாட்டம். எனக்கு மட்டும் கொண்டாடத் தோன்றவில்லை. நான் அப்போதுதான் சட்டம் படித்து முடித்து, கறுப்புக் கோட்டு தைத்து மாட்டி வைத்திருந்தேன்.

அப்பா பழைய காலத்து மனுஷர். தீபாவளிக்கு எந்த வக்கீல் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார். பெண்கள் கோர்ட்டு வராந்தாவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அவருக்குப் பிடிக்காது. அதை மென்று விழுங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கேஸ் வந்தால் அதை வேறு ஜட்ஜுக்கு அனுப்பிவிடுவது கோர்ட்டு வழக்கம். 'நாட் பிஃபோர் மீ' என்பார்கள், என் முன்னால் வேண்டாம் என்று. அப்பாவுக்கு அது போதவில்லை.

"என் முன்னாடி மட்டும் இல்லம்மா. நான் இருக்கிற வரைக்கும் அந்த பில்டிங்லயே நீ ஆஜராகக் கூடாது."

"அப்ப நான் என்னதான் பண்றதாம்?"

"செங்கல்பட்டுல கோர்ட்டு இல்லையா?"

அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். "பெத்த பொண்ணுக்கே தடை உத்தரவா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது.

அதன்பிறகு காலையில் அவர் கார் வடக்கே போகும். நான் தெற்கே போகிற ரயிலைப் பிடிப்பேன். வண்டலூர் தாண்டும்வரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போவேன். ஆனாலும் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நான் வாதாடுவதை அப்பா ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

படப்பைக்காரர் ஒருவரின் நிலத் தகராறு ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனபோது, கேஸ் கட்டை வேறு வக்கீலிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் என்னை விடவில்லை.

"இன்னா வக்கீலம்மா! உங்க நைனாவே அங்க ஜட்ஜா கீறாரு. நீ இன்னாடான்னா வேற ஆளாண்ட தள்றியே?"

"அதனாலதான் அண்ணா" என்றேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்பா ரிட்டயர் ஆனார். அந்த அப்பீல் மட்டும் முடிந்தபாடில்லை. கட்டு திரும்ப என்னிடமே வந்தது. முதன்முதலாக நான் ஐகோர்ட்டுக்குக் கிளம்பிய காலை, இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"நானும் வரேன். கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன். யாருக்கும் தொந்தரவு இல்லை."

எத்தனை வருஷத்து ஆசை! சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அன்றைக்குக் கேஸைக் கேட்கப் போகிற ஜட்ஜ், நேற்றுவரை அப்பா முன்னால் நின்று வாதாடிய வக்கீல். அப்பாவைப் பார்த்தால் பாவம், எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தவித்துவிடுவார்.

"வேண்டாம்பா. நீங்க வந்தா அவர் உங்க முகத்தையே பார்ப்பார். எதிர்ப்பார்ட்டிக்கு அது நியாயமா?"

அப்பாவின் முகம் சுருங்கியது.

"கரெக்ட்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ரயிலில் பல்லாவரம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அன்றைக்கு நன்றாகத்தான் வாதாடினேன். அப்பா கேட்கவில்லை. கடைசிவரை ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.