பத்தடித் தண்டவாளம்

சமாதானம் வந்த வருடம் எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை, ஸ்டேசன் கிடைத்தது. கிளிநொச்சிக்குத் தெற்கே, கண்டி வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த சின்னப் புகையிரத நிலையம் அது. அங்கே கோச்சி வராமல் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர் என்பதால் செல் குண்டு விழுந்தும் சாயவில்லை. கூரையை மட்டும் காணோம். பயணிகள் காத்திருக்கும் அறைக்கு மேல் நாங்கள் தகரம் போட்டுக்கொண்டோம். டிக்கெட் கொடுக்கிற அறையில் ஆடு வளர்க்கும் ஓர் அக்கா குடியிருந்தா. டிக்கெட் கொடுக்கிற ஓட்டைக்குள்ளால்தான் எனக்குப் பால் தருவா. "எந்த ஊருக்குத் தங்கச்சி, ஒண்டோ ரெண்டோ?" என்று ஒவ்வொரு நாளும் அதே பகிடி. நானும் ஒவ்வொரு நாளும் சிரித்தேன்.

சிறுமியாக இருந்தபோது அந்தப் பாதையால் நான் கொழும்புக்குப் போயிருக்கிறேன். பெரிய கோச்சி அந்த ஸ்டேசனில் நிற்காது. நெல்லு மூட்டையும் வாழைக்குலையும் ஏற்றுகிற மெதுவான கோச்சிதான் நிற்கும் என்று அக்கா சொல்லுவா. ஆகவே எனக்கு அந்த இடத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. வாழ்க்கை என்னை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும் என்று யார் கண்டது.

நாங்கள் போனபோது தண்டவாளம் என்று ஒன்றும் இல்லை. சண்டை தொடங்கிய பிறகு ஆமியும் இயக்கமும் கழற்றின, மிச்சத்தைச் சனம் கழற்றியது. சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் இருந்தால்தான் பங்கர் என்கிற பதுங்குகுழி நிற்கும். அதன் மேல் மண்ணைப் போட்டால் செல்லுக்குத் தாங்கும். ஸ்டேசனுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியிலும் முன்னே இருந்தவர்கள் வெட்டிய ஒரு பங்கர் இருந்தது. பனங்குற்றிகள், நடுவில் பத்தடி நீளத்தில் இரண்டு தண்டவாளத் துண்டுகள், மேலே மண். சமாதான காலத்தில் அதற்குள் நான் விறகு அடுக்கினேன்.

எனக்கும் இவருக்கும் ஒரே ஒரு மகள். விசுவமடுவில் இடம்பெயர்ந்திருந்தபோது பிறந்தவள். ஸ்டேசனுக்கு வந்தபோது நாலு வயது. நான் காலையில் மேடையைக் கூட்டும்போது அவளும் ஒரு முறிந்த ஈர்க்குமாற்றோடு பின்னால் வருவாள். மேடைக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. கண்ணிவெடி எடுத்து முடியும்வரை சிவப்புப் பலகை நின்றது. ஆகவே அவளுடைய உலகம் மேடையின் விளிம்போடு முடிந்தது.

கண்டி வீதிப் பாதை திறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு இவருடைய அடையாள அட்டை அலுவலாக வவுனியாவுக்குப் போனோம். மகளுக்குக் கோச்சி காட்டவேண்டும் என்பது இவருடைய ஆசை. "ஸ்டேசனிலை வளருது, கோச்சி தெரியாது எண்டால் நாலு பேர் சிரிப்பினம்" என்றார். வவுனியா ஸ்டேசனில் கொழும்புக் கோச்சி நின்றது. எஞ்சின் எவ்வளவு பெரிது, பெட்டி எத்தனை என்று இவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து சில்லுக்குக் கீழே பார்த்தாள். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இது எங்கட பங்கருக்கு மேலை கிடக்கிறதெல்லோ?"

ஓம் என்றேன். கொடியோடு நின்ற கார்ட்டிடம் அவள் நேரே போனாள். "எங்கட வீடும் ஸ்டேசன்தான். அங்கையும் வாங்கோ" என்றாள். அந்த மனிதருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரிந்திருக்க வேண்டும். "வாறன், வாறன்" என்று தலையைத் தடவிவிட்டு ஏறிப்போய்விட்டார். பெரியவர்கள் குழந்தைகளிடம் சும்மா சொல்வதுதான். ஆனால் அவள் அதைச் சும்மா கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். "அதை எடுத்து முன்னுக்குப் போடுங்கோ அப்பா. அதை நாங்கள் வைச்சிருக்கிறதாலைதான் கோச்சி வரேல்லை." நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. இரண்டு கிழமை அவள் விடவில்லை, மூன்றாம் கிழமை இவர் மண்வெட்டியோடு பங்கருக்கு மேல் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? நாளைக்குக் கிபிர் வந்து குண்டு போட்டால் பிள்ளையைக் கொண்டுபோய் எங்கை வைக்கிறது?" என்று கத்தினேன்.

"இனி வராது" என்றார். "வராது எண்டு நாங்களே நம்பாட்டி, பிறகென்ன சமாதானம்?"

எனக்கும் நம்பத்தான் ஆசை. அதற்குள் கண்ணிவெடி எடுத்து முடிந்து சிவப்புப் பலகையும் போயிருந்தது. பக்கத்து வளவுக்காரர்கள் வந்து, கயிறு கட்டி, மூச்சு வாங்கி இரண்டு துண்டையும் இழுத்து மேடைக்கு முன்னால் போட்டார்கள். மகள் நடுவில் நின்று இடைவெளி சரியா என்று பார்த்தாள். எங்கும் தொடங்காமல் எங்கும் முடியாமல் பத்தடிக்கு ஒரு புகையிரதப் பாதை. அன்றிலிருந்து ஊரில் இவருக்கு ஸ்டேசன் மாஸ்டர் என்று பெயர். கடைக்குப் போனால் "மாஸ்டர், இண்டைக்குக் கோச்சி பிந்தியோ?" என்று கேட்பார்கள். இவரும் "பளையிலை நிக்குதாம், வந்திடும்" என்று பதில் சொல்லுவார். நான் திட்டிக்கொண்டே கூட்டுவேன். மகளோ வீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் முற்றம் கூட்டுவதுபோல மேடையை ஒரு சருகு இல்லாமல் கூட்டி வைப்பாள். கார்ட் மாமா வந்தால் வடிவாக இருக்க வேண்டுமாம். அந்த மூன்று வருடமும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். அப்போது அது தெரியவில்லை.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, கண்டி வீதிப் பாதையைப் பூட்டினார்கள். ஒரு காலை கிபிர் வந்து கண்டி வீதிப் பக்கம் கொட்டிவிட்டுப் போனது. நாங்கள் மேடையில் குப்புறக் கிடந்தோம். புழுதி அடங்கியதும் நான் இவர் முகத்தைப் பார்த்தேன். திட்டுவதற்கு வாய் வரைக்கும் வந்தது, திட்டவில்லை. அவர் மேடை விளிம்பில் இருந்து கீழே கிடந்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அவள்தான் முதலில் கதைத்தாள். எட்டு வயது அப்போது. "எடுங்கோ அப்பா. கோச்சி பிறகு வரட்டும்."

அந்தச் சொல்லுக்கு இவர் அழுதார். கலியாணம் கட்டி அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அயலவர்கள் திரும்பவும் கயிறோடு வந்து தண்டவாளத்தைப் பங்கருக்கு இழுத்தார்கள். இந்த முறை ஒருவரும் பகிடி விடவில்லை.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற காலத்தில் ஸ்டேசனை விட்டு வெளிக்கிட்டோம். ட்ரக்டர்காரர் பாரம் கூடிவிட்டது, ஏதாவது ஒன்றை விடுங்கள் என்றார். நான் என் சீதன அலுமாரியை இறக்கச் சொன்னேன். தண்டவாளம் ஏறியது. ஆட்டுக்கார அக்கா ஆடுகளை அவிழ்த்துவிட்டு எங்களோடு ஏறினா. மகள் கடைசியாக ஒருமுறை மேடையைக் கூட்டினாள். "இப்ப ஏன் பிள்ளை?" என்று கேட்டதற்கு, "நாங்கள் இல்லாத நேரம் வந்தால்?" என்றாள்.

விசுவமடுவில் வெட்டிய பங்கருக்கு மேல் அந்த இரண்டு துண்டும் கிடந்தன. ஒரு நாள் வாசலில் விழுந்த செல்லுக்குப் பனங்குற்றி முறிந்தது, தண்டவாளம் அசையவில்லை. நாங்கள் எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தோம். மகள் மண் அப்பிய கையால் தண்டவாளத்தைத் தட்டிக் கொடுத்தாள், மாட்டைத் தட்டுவதுபோல.

அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தபோது ட்ரக்டர் இல்லை. மண்ணெண்ணெய்க்கே வழியில்லை, டீசலுக்கு எங்கே போவது? சைக்கிளில் அரிசியும் தறப்பாளும் கட்டினோம். இவர் போவதும் திரும்புவதுமாய் அந்தப் பங்கரையே சுற்றி வந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற இரும்பை ஒரு மனிதன் எப்படிக் கொண்டுபோவது? நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு போன இடமெல்லாம் கடற்கரை மணல். இடுப்பளவு வெட்ட முதலே சரிந்து மூடும். மரம் இல்லை, குற்றி இல்லை. குழிக்கு மேலே நாங்கள் போட்டது தறப்பாள். அது வெயிலை மறைத்தது. ஒரு காலை நானும் இவரும் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். அக்காவும் மகளும் குழிக்குள் இருந்தார்கள். செல் வந்தது. அக்காவுக்குக் கால் போனது. என் பிள்ளை போய்விட்டாள். பதினொரு வயது முடியவில்லை. அந்தக் குழியையே மூடிவிட்டு வந்தோம்.

இவ்வளவுதான் என்னால் எழுத முடியும். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில் எனக்கும் இவருக்கும் கதை குறைந்து போனது. நாள் முழுக்க அவர் கூடார வாசலில் இருந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தண்டவாளத்தை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த இரண்டு துண்டும் விசுவமடுவில் யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் கிடக்கும். அவை எங்களோடு வந்திருந்தால் என் பிள்ளை இருப்பாள். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் விதி என்பார்கள். பத்தடி இரும்பு இருந்திருந்தால் அந்த விதி என்ன செய்திருக்கும் என்று கேட்க வாய் துடிக்கும்.

ஒரு பின்னேரம் அக்கா ஊன்றுகோலோடு வந்தா. அவவுக்கு என்னைச் சிரிக்க வைக்க வேண்டும். "கேட்டியே தங்கச்சி, பேப்பரிலை போட்டிருக்காம். புதுத் தண்டவாளம் போடப் போகினமாம். எங்கட பக்கமெல்லாம் திரும்பக் கோச்சி வரப்போகுதாம்."

இவர் எழும்பித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார். அக்கா தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் உணர்ந்தா. என் தோளில் கையை வைத்தா.

"வரட்டும் அக்கா" என்றேன். "ஆனால் அந்த மேடையை இனி நான் கூட்டமாட்டன்."