இரண்டு தாள்களுடன் போனவர்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். நசீமா அக்காவை என்னைவிட நெடுநாள் அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை காலை உத்திரமேரூர் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. எங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தின் லேப் டெக்னீஷியனான அக்கா மாரடைப்பில் போய்விட்டார். நான் அங்கே ஆலோசகர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

ஒருமுறை, 'இல்லை' என்று முடிவு வந்த லாரி ஓட்டுநர் மைசூர்பாகு வாங்கி வந்தார். அக்கா பெட்டியைத் தொடவில்லை. "போன வாரம் நடந்ததுக்கு இன்னிக்கு ரத்தம் எடுத்தா டெஸ்ட் கிட்டுக்கு இன்னா தெரியும்? மூணு மாசம் கழிச்சி வாண்ணா, அப்ப துன்றேன்." அவர் வந்தார். சர்க்கரை நோயோடு அக்கா இரண்டு துண்டு தின்றார்.

போன ஆண்டு ஒரு பெண்மணி தனியார் லேபின் தாளுடன் வந்தார். அதில் 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம் என்று. எங்கள் சோதனையில் 'இல்லை'. கடைசியாக உறவு கொண்டது எப்போது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். தேர்வில் எழுதிய கேள்வியை அம்மா வயதுக்காரரிடம் கேட்கக் கூசினேன். "அவங்க தப்பா போட்டுட்டாங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"நாள் கேட்டியா?" என்றார் அக்கா. கேட்கவில்லை என்றேன்.

"அவுங்க டெஸ்ட் சீக்கிரமே கண்டுபிடிக்கிறதா இருக்கலாம். நம்ம கிட்டுக்கு இன்னும் நாளாவும். அவுங்களுதே தப்பாவும் இருக்கலாம். திரும்ப எடுக்காம எப்டி சொன்ன? நீ வெக்கப்பட்டா அந்தக் கிட்டா வந்து கேக்கும்?"

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். பேருந்து போயிருந்தது. அந்த அம்மா கொடுத்த கைப்பேசி எண் வேறு யாருடையதோ. ஊரில் போய் விசாரிக்கிறேன் என்றேன். "கேட்டினா ஊருக்கே தெரிஞ்சிடும், வாணாம்" என்று தடுத்துவிட்டார்.

அதன்பின் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது தடுப்புக்கு அப்பாலிருந்து, "வந்துச்சா அந்தம்மா?" என்பார். சனிக்கிழமையும் கேட்டார். "இல்லக்கா" என்றேன். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான்.

இப்போது எல்லோரிடமும் நாள் கேட்கிறேன், முகம் பார்த்து. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

இனி, நான் கேட்க வந்தது. அம்மா, இதை நீங்கள் படித்தால்: அன்று நான் சொன்னது தவறு. உங்களுக்கு நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு தாள்களையும் காட்டி, இன்னொரு முறை இரத்தம் கொடுங்கள்.