தேயிலைப் பெட்டிக்குள் பிடித்த வெளிச்சம்

அறுபதுகளின் தொடக்கத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய ஒரு தபசு காலத்தில், முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு அது பெரிய வெற்றி. இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் நெஞ்சு நிமிர்கிறது, என்ன செய்ய!

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான். அக்கா கலியாணம் முடித்துப் பக்கத்து வளவில் இருந்தார். அண்ணனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. உயிர்த்த ஞாயிறுக்கு வரும்போது என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாக அவர் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அண்ணிக்கு அடுத்த பிள்ளை பிறக்கப் போகிறதாம். மூத்ததுகளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். பிறகும் நான் அங்கேயே இருந்துவிடலாமாம். கதிரையை ஓர் அறையிலிருந்து எடுத்து இன்னோர் அறையில் போடுவது மாதிரி எல்லாம் முடிவாகிவிட்டது. என்னை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் நல்லவர்தான், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வீட்டுக் குசினியில் கிடந்து கிழவியாக எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயே திறக்காமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். சரி, இவரும் அந்தப் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கையில் ஒரு வேலை இருந்தது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ரேந்தை பின்னப் பழகியிருந்தேன். வெள்ளை நூலைக் கொக்கி ஊசியால் இழுத்து இழுத்து, வலைக்கண் போலக் கண் கண்ணாகப் பூவும் இலையுமாகக் கொண்டுவரும் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் கோயில் பீடத்துத் துணியின் ஓரம் என் கைவேலைதான். மடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் கொழும்புக்குப் போனபோது, மணப்பெண்களுக்கு உடுப்புத் தைக்கும் கடையொன்றில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தபசு காலம் முடிந்தால் கலியாணங்கள் தொடங்கிவிடும், முக்காட்டுக்கு ஓரம் பின்ன ஆள் தேவை என்று கடைக்கார அம்மா சொன்னாராம். ஆனால் ரேந்தையை அனுப்பவேண்டாமாம். முன்பு யாரோ அனுப்பியதெல்லாம் பலபேர் கை பட்டு அழுக்காகிவிட்டதாம். படம் எடுத்து அனுப்பட்டும், ஒவ்வொரு கண்ணும் தெரியவேண்டும், பார்த்து வேலை தருகிறேன் என்றாராம்.

வேலை கிடைத்தால் நான் இங்கே இருப்பேன். கிடைக்காவிட்டால் திருகோணமலைக் குசினி. கதை அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரேயொரு கமராதான் இருந்தது, அக்காவின் கணவரிடம். அத்தான் முல்லைத்தீவு–வவுனியா பஸ்ஸில் கொண்டக்டர். சதுரப் பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கமரா. தன்னைவிட அதைத்தான் கவனமாகப் பார்க்கிறார் என்று அக்காவே சொல்வார். விஷயத்தைச் சொன்னதும் அத்தான், ரேந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையில் போய் நில்லும், அலையோடு சேர்த்து ஒரு படம் எடுப்போம் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவா படம் கேட்டேன்? எனக்கு என் மூஞ்சி வேண்டாம், ரேந்தைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாள் முழுக்க வெள்ளை நூலோடு இருக்கிறவள் நான். நல்ல வெயிலில் பின்னினால் கண் கூசும், ரேந்தையின் ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கத்தில் அதன் நிழல் விழுந்து இரண்டாகத் தெரியும். வானம் மூடிக் கிடக்கிற மப்பு நாளில் நிழலே இருக்காது, எல்லாம் துலக்கமாகத் தெரியும். ஆனால் பங்குனி மாதத்தில் மப்புக்கு எங்கே போவது? ஒரு மப்பு நாளைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் என்ன என்று எனக்கு யோசனை வந்தது.

பஸ் போகிற வழியில், தண்ணீரூற்று என்ற ஊரில், கடையொன்றில் வெறும் தேயிலைப் பெட்டி இருந்தது. அத்தான் அதைப் பஸ்ஸின் கூரையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். பலகைப் பெட்டி, உள்ளே முழுக்க வெள்ளித்தாள். அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, திறந்த வாயை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, மேலேயும் இரண்டு பக்கமும் சன்னல் வெட்டினேன். சன்னல்களில் பட்டம் ஒட்டுகிற மெல்லிய வெள்ளைக் கடதாசியைப் பசை போட்டு ஒட்டினேன். வெள்ளித்தாள் பளீரென்று அங்கங்கே மின்னியது. அதனால் கோதுமை மா மூட்டைத் துணியைத் தோய்த்து வெளுக்கவைத்து, எழுத்துப் பக்கத்தை மறைத்து உள்ளே ஒட்டினேன். அத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சாள், உதுக்குள்ளை கோழி அடைகிடக்க விடப் போறீரோ?" என்று கேட்டார். முற்றத்து வெயிலில் பெட்டியைத் தூக்கி வைத்து, உள்ளே என் கையை நீட்டிக் காட்டினேன். கையைச் சுற்றி ஒரு பொட்டு நிழல் இல்லை. மனிசன் தானும் கையை நீட்டிப் பார்த்தார்.

இன்னொரு கரைச்சல் இருந்தது. அந்தக் கமராவைக் கிட்டக் கொண்டுபோனால் எல்லாம் மங்கிவிடும், தள்ளி வைத்தால் ரேந்தை நகக்கண் அளவுதான் தெரியும் என்று அத்தான் சொன்னார். அம்மாவுக்கும் அதே வருத்தம்தானே, கிட்டத்தில் எழுத்துத் தெரியாதென்றுதானே கண்ணாடி போடுகிறார், கமராவுக்கும் போட்டுப் பார்ப்போம் என்றேன். அத்தான் சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் பிலிம் போடாத கமராவின் முதுகைத் திறந்து, எண்ணெய் தடவிய கடதாசியை அங்கே ஒட்டி, அம்மாவின் கண்ணாடியை முன்னால் பிடித்து, எதிரே ஒரு தீப்பெட்டியை வைத்துப் பார்த்தோம். தீப்பெட்டியின் எழுத்து தலைகீழாக, ஆனால் அச்சுப்போலத் தெரிந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் அன்று செபப்புத்தகம் வாசிக்க முடியாத அம்மா மட்டும் குசினிக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் படம் எடுத்தோம். கவிழ்த்துவைத்த உரலின் மேல் கமரா, கமராவுக்கு மூக்குக்கண்ணாடி, பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று என் ரேந்தைகள். மாற்றி மாற்றி எடுத்தோம். இதற்குள் எங்கள் மற்றப் பக்கத்து வீட்டில் இருந்த அயல் அக்காவின் காதில் கமரா என்ற செய்தி விழுந்துவிட்டது. ஒரு வயது மகளுக்குப் பவுடர் பூசி, மை வைத்து, நான் பின்னிக்கொடுத்த ரேந்தைக் கழுத்துச் சட்டையும் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைசிப் படம் ஒன்று மிச்சம் இருந்தது. என் வேலைக்கென்று வாங்கிய பிலிம் அது. ஆனால் ஊரில் கமரா திறந்திருக்கும்போது பிள்ளையை எடுக்கமாட்டேன் என்று சொன்னால் பிறகு தெருவில் முகம் கொடுக்க முடியுமா? பிள்ளையைத் தேயிலைப் பெட்டிக்குள்ளேயே இருத்தி எடுத்துத் தொலைத்தோம்.

பிலிமை அத்தான் வவுனியா ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி வந்தார். பஸ்ஸால் இறங்கி வருகிற நடையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. படங்களைக் கையில் தந்தார். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. இதென்ன, பாற்சோற்றைப் படம் பிடித்தீர்களா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டாராம். நான் முற்றத்து மண்ணிலேயே குந்திவிட்டேன். அழுகை அழுகையாக வந்தது. அண்ணன் வருகிற நாளும் கிட்டி வந்துகொண்டிருந்தது.

கடைசிப் படத்தில் மட்டும் பக்கத்து வீட்டுச் சின்னப் பெட்டை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இருந்தாள். அத்தனை வடிவு! பெரிய ஸ்டூடியோவில்கூட அப்படி ஒரு படம் வராது. அவளுக்காவது நல்லாக வந்ததே என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து நின்றேன். அவள் சட்டை தெரியவில்லை, பின்னால் இருந்த வெள்ளையோடு கரைந்துபோயிருந்தது. ஆனால் அவள் கரிய கழுத்தின் மேல் கிடந்த ரேந்தை ஓரம் இருக்கிறதே, அதன் ஒவ்வொரு கண்ணையும் எண்ணலாம் போல இருந்தது! வெளிச்சத்தில் பிழை இல்லை. கண்ணாடியிலும் பிழை இல்லை. வெள்ளைக்குப் பின்னால் வெள்ளையை வைத்த எங்களுக்குத்தான் மூளை இல்லை.

அத்தானிடம் இன்னும் ஒரு பிலிம் இருந்தது. இனிக் கறுப்புத் துணி ஒன்றுதான் வேண்டும். கறுப்புத்தானே என்று நினைத்தால், எங்கள் ஊரில் யார் கறுப்பு வாங்கி வைத்திருந்தார்கள்? குடைத் துணியை விரித்துப் பார்த்தோம், பெட்டிக்குள் வைத்ததும் எண்ணெய் பூசினாற்போல் பளபளத்தது. துணியில் கரியைப் பூசலாமா என்று அத்தான் கேட்டார். என் ரேந்தையில் கரி பட்டால் யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் கறுப்பு இருந்தது, எனக்குத் தெரியும். அப்பா போன துக்கத்துக்கு ஒரு வருஷம் முழுக்க அம்மா உடுத்த நூல் சேலை. துக்கம் கழித்த பிறகு பெரிய வெள்ளிக்கு மட்டும்தான் அதை அலுமாரியிலிருந்து எடுப்பார். தோய்த்துத் தோய்த்து மினுக்கமே இல்லாமல் போன கறுப்பு அது. அதைவிட நல்ல கறுப்பு எங்கும் கிடைக்காது. கேட்க வாய் வரவில்லை. கடைசியில் சுற்றி வளைத்துத்தான், கலியாண ரேந்தைக்குக் கீழே கறுப்பு விரித்தால் நல்லாகத் தெரியும் என்று அம்மா காதில் விழச் சொன்னேன்.

"கலியாணப் பெம்பிளை தலையிலை போடுறதைக் கறுப்பிலை வைக்கிறதோ? விசர்க் கதை கதைக்காதை" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்ப நான் அண்ணனோடேயே போறன், உங்களுக்கும் அதுதானே விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை. அம்மாவும் சமாதானம் சொல்ல வரவில்லை.

மறுநாள் காலையில் எழும்பி முற்றத்துக்கு வந்தால், தேயிலைப் பெட்டி வெயிலில் இருக்கிறது. அதன் முன்னால் அம்மா முழங்காலில் இருக்கிறார். கறுப்புச் சேலையை மடித்து, பெட்டியின் முதுகுப் பக்கத்திலிருந்து அடி வரைக்கும் சுருக்கமில்லாமல் உள்ளங்கையால் தடவித் தடவி விரித்துக்கொண்டிருந்தார்.

"கலியாணச் சாமானுக்குக் கீழை கறுப்பு வைக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது? நான்தானே சொன்னனான்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "இப்ப நான்தான் சொல்லுறன், வை. கொப்பருக்காக உடுத்த சேலை. அவர் உனக்குக் கெடுதல் நினைப்பாரோ?"

பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேந்தையில் கண்ணீர் படப்போகிறது, தள்ளி நின்று அழு என்று அதற்கும் பேச்சு வாங்கினேன். சத்தம் கேட்டு வந்த அக்கா திரும்பிப் போய் அத்தானை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று முழுப் பிலிமும் ரேந்தைக்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையோடு வந்தபோது, அடுத்த முறை பார்ப்போம் என்று அம்மாவே வாசல் படலையில் நின்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த முறை அத்தான் பஸ்ஸால் இறங்கி நடக்கவில்லை, ஓடி வந்தார். படத்தைப் பார்த்தபோது என் வேலை என்று எனக்கே நம்ப முடியவில்லை. மையிருட்டான கறுப்பில் பூ, இலை, கொடி, ஒவ்வொரு கண், ஒவ்வொரு முடிச்சு! நான் ஓரிடத்தில் அவசரத்தில் விட்ட சின்னப் பிழைகூடத் தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் இதை எந்தக் கமராவில் எடுத்தீர்கள் என்று இரண்டு தரம் கேட்டாராம். அத்தான் உண்மையைச் சொல்லாமல் சும்மா சிரித்துவிட்டு வந்தாராம். அந்தப் பெருமை, அந்தக் கெப்பர் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

கன்னியாஸ்திரி படங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய், பெரிய வெள்ளி வருகிற பெரிய கிழமைக்கு முன்னமே திரும்பி வந்தார். கையில் நூல் பொதி. கடைக்கார அம்மா படங்களை மேசையில் பரப்பி வைத்திருக்க, கலியாண வீட்டார் வந்து அதிலேயே பார்த்துத் தெரிவு செய்துவிட்டார்களாம். முக்காட்டு ஓரம் ஒன்றல்ல, அந்தக் கலியாணக் காலம் முழுக்கப் பின்னினாலும் முடியாத வேலை. நான் வீட்டுக்கும் வளவுக்குமாக ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

உயிர்த்த ஞாயிறுக்கு அண்ணன் வந்தார். அவருக்குச் சொல்ல நான் பெரிய பேச்சே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து, சாமான்களைக் கட்டு என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது எனக்கு அதன் முதல் வரியே மறந்துபோனது. அம்மாதான் பேசினார்.

"தம்பி, அவளுக்கு இஞ்சை வேலை கிடக்கு. உன்ரை மனிசிக்கு உதவிக்கு வேறை ஆளைப் பார்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவும் இல்லை. அண்ணன் ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா படங்களை எடுத்து அவர் மடியில் வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதை நீயோ பின்னினனீ என்று என்னைக் கேட்டார். பிறகு ஒரு படத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் ஆட்களுக்குக் காட்டவேண்டும் என்றார். மறுநாள் தனியாகத்தான் பஸ் ஏறினார். போகும்போது அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை.

அதன் பிறகு அந்தத் தேயிலைப் பெட்டிக்கு ஓய்வே இல்லை. சிப்பி வேலை செய்கிறவர்கள், பனையோலைப் பெட்டி இழைக்கிறவர்கள், சின்ன வள்ளம் செதுக்குகிறவர்கள் என்று ஆளுக்கொரு பொருளோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். கடதாசி கிழியக் கிழிய நான் புதிதாக ஒட்டினேன். எனக்குக் கலியாணமும் ஆனது, என் முக்காட்டு ஓரத்தை நானே பின்னினேன், அதையும் முதலில் அந்தக் கறுப்பில் விரித்துத்தான் படம் எடுத்தோம்.

பெட்டியைச் செய்தது நான், கமராவுக்குக் கண்ணாடி போட்டதும் நான், அந்தக் கெட்டித்தனத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ஒரு சொல்லும் பேசாமல் இருந்த அம்மா தன் துக்கத்தையே எடுத்து என் வேலைக்குக் கீழே விரித்துவிட்டு என் பக்கம் வந்து நின்றாரே, அந்தக் காலையை நினைத்துக்கொண்டால் இன்றைக்கும் நான் யார் முன்னாலும் தலை குனிந்து நிற்கமாட்டேன்.